மூக்கு தேய்ந்த புலி

பேய், ஆவி என்று யாரேனும் பேச்செடுத்தால் எழுந்து கை கழுவப் போய்விடுகிறவன் நான். ஐம்பத்து நான்கு வயதுவரை அப்படித்தான் இருந்தேன். நிறுத்துப் பார்க்கக்கூடியதை, அளந்து பார்க்கக்கூடியதை, உருப்பெருக்கியின் அடியில் வைத்து விளிம்பைச் சோதிக்கக்கூடியதை மட்டுமே நம்பி வாழ்ந்தவன். ஆகவே இதைப் படித்து நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே தாளை மடித்து வைத்திருப்பேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒருநாள் பகலில் நான் கண்டது என்னை அச்சுறுத்தியது உண்மை. ஆனால் என் உறக்கத்தைக் கெடுப்பது அதற்கு முன்பு நானே என் கையால் செய்த ஒரு காரியம், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மலாயாக் கரையோரத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில், கடற்கரைத் தெருவிலிருக்கும் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கெலுகோரில் வீடு. வழக்கொழிந்த படைப்பிரிவுகளின் தொப்பிச் சின்னங்களைச் சேர்ப்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்கிருந்த பழக்கம். ஞாயிறு காலைச் சந்தையில் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் பழைய நாணயங்களுக்கும் நடுவே ஒரு பித்தளைத் துண்டு கிடந்தால், அது எந்தப் படைக்குரியது, எந்த ஆண்டு வார்ப்பு என்பதைக் கையில் எடுக்குமுன்பே சொல்லிவிடுவேன். வீட்டின் உள்ளறையில் பன்னிரண்டு இழுப்பறைகள் கொண்ட மரப்பேழை இருக்கிறது. உள்ளே பச்சை வெல்வெட், சின்னத்துக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு சீட்டு. என் மனைவி மாலதி அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டாள். "செத்தவங்க தொப்பியில இருந்து புடுங்குனதெல்லாம் வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க, ஒரு நாள் அவங்களே வந்து கேக்கப் போறாங்க, அப்ப நான் டீ போட்டுக் குடுக்க மாட்டேன்" என்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

சேகரிப்பாளர்களான எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அசல் கிடைக்காத சின்னத்துக்கு, அது கிடைக்கும்வரை பிற்காலத்து நகலொன்றை அதன் குழியில் வைத்திருப்போம். சீட்டில் 'நகல்' என்று தவறாமல் எழுதுவோம். எழுதாமல் விடுகிறவனை யாரும் மதிப்பதில்லை. என் ஏழாம் இழுப்பறையில் பதினோர் ஆண்டுகள் அப்படியொரு நகல் இருந்தது. விடுதலைக்குச் சற்று முன்பு மலாயாவின் எல்லா இனத்தாரையும் சேர்த்து அமைத்து, சில ஆண்டுகளிலேயே கலைத்துவிட்ட ஒரு படைப்பிரிவின் சின்னம் அது: கயிற்று வளையத்துக்குள் ஒரு புலித்தலை. படைப்பிரிவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைப் போன்ற இன்னொருவர் அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போவார்.

எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்ய வருபவர் தேவகி அக்கா. அறுபதைக் கடந்தவர். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினிலிருந்து தினமும் ஃபெரிப் படகில் வருவார். ஒருநாள் மதிய உணவு நேரத்தில் புத்தகமொன்றில் அந்தப் புலித்தலையின் படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தை ஊன்றி நின்று அவரும் பார்த்தார்.

"இதுவா தம்பி? இது எங்கம்மாகிட்ட இருக்கே."

"இருக்காதுக்கா. இது எங்கயும் கிடைக்காது."

"கிடைக்காதுன்னா எங்கம்மா தலகாணிக்குக் கீழ எப்படி லா இருக்கும்? எங்கப்பா தொப்பியில இருந்தது."

அடுத்த சனிக்கிழமையே நான் ஃபெரியில் இருந்தேன்.

அவருடைய தாயார் அஞ்சலை அம்மாள் எண்பத்தேழு வயதுக்காரர். இரண்டு கண்களும் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுக்குமாடி வீட்டின் முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சும்மா."

"பொய் சொல்லாதீங்க. வயிறு கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. தேவகி, தம்பிக்கு ரெண்டு தோசை ஊத்து."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வலக்கைக்குள் அது இருந்ததைக் கண்டேன். கட்டைவிரலால் புலியின் மூக்கை மூன்று முறை மேல்நோக்கித் தடவுவார், திருப்புவார், பின்புறத்தை ஒருமுறை தடவுவார், மீண்டும் முன்பக்கம். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அப்படித் தடவித் தடவிப் புலிக்கு மூக்கே இல்லாமல் போயிருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். அசல். பின்புறத்தில் ஊசிமுனையால் கீறிய எண், நாற்பத்தொன்று. படைவீட்டில் ஒருவன் சின்னத்தை இன்னொருவன் எடுத்துக்கொள்ளாமலிருக்க வீரர்கள் தம் எண்ணின் கடைசி இலக்கங்களை இப்படிக் கீறி வைப்பதுண்டு.

"கம்பி ஒடஞ்சிருச்சு பாருங்க. அத ஒட்டிக் குடுங்க தம்பி. நான் போறப்ப சேலையில குத்தி அனுப்பணும்."

"எங்கம்மா அனுப்பணும்?"

"நெருப்புக்குத்தான், வேற எங்க? அவருக்கு யாரும் கொள்ளி வைக்கல தம்பி. பேராக் காட்டுல ஆத்தக் கடக்கறப்ப சுட்டுட்டாங்க, தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சு. தொப்பி மட்டும் கெளையில மாட்டிக் கெடந்துச்சாம். சுங்கை பாக்காப் எஸ்டேட்டுக்குக் கொண்டாந்து குடுத்தாங்க. இவ அப்ப வயித்துல. இத என்னோட சேத்து வச்சா அவருக்கும் வச்ச மாதிரி ஆயிரும்ல?"

நான் பதறிப்போனேன். அந்த மனிதருக்காக அல்ல, அந்தப் பித்தளைக்காக.

"இத எரிக்கக் கூடாதும்மா. நாட்டுலயே அஞ்சோ ஆறோதான் இருக்கும். இது சரித்திரம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரித்திரமா? அவரு பேரு மாரிமுத்து தம்பி."

கம்பியை ஒட்டித் தருவதாக வாங்கிக்கொண்டு வந்தேன். ஒட்டவும் செய்தேன், அதுவரை என் எண்ணத்தில் கள்ளமில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். ஈயப்பற்று வைத்து, ஆறவிட்டு, ஒரே ஒருமுறை பார்க்கலாமென்று அதை ஏழாம் இழுப்பறையில் நகலை எடுத்துவிட்டு வைத்தேன், பதினோர் ஆண்டுகள் காத்திருந்த குழியில் அது போய் உட்கார்ந்தவிதத்தைப் பார்த்தபின் திரும்ப எடுக்க என் கைக்கு மனம் வரவில்லை. எரிந்து சாம்பலாகப் போகிற ஒன்றைக் காப்பாற்றுவது திருட்டாகுமா என்று கேட்டுக்கொண்டேன். ஆகாது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நகலின் மூக்கை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். எண்ணைக் கீறவில்லை. ஏன் தெரியுமா? நகலின் முதுகில் எண்ணைக் கீறினால் அது போலியாகிவிடும், அந்த இழிசெயலை ஒரு சேகரிப்பாளன் செய்யலாகாது என்று என் மனச்சாட்சி மிகச் சரியாக அந்த இடத்தில் போய் நின்றுகொண்டது. 'நகல்' என்ற சீட்டைக் கிழித்துவிட்டு, 'அசல்' என்று புதுச்சீட்டு எழுதி வைத்தேன்.

நகலை எடுத்துக்கொண்டு போன அன்று, கதவைத் திறந்த தேவகி அக்கா அதைப் பார்த்ததும், "பாலிஷ் போட்டீங்களா தம்பி? புதுசு மாதிரி மின்னுதே" என்றார்.

"ஆமாக்கா, லேசா."

பழைய சின்னத்துக்கு மெருகிடுவது எங்களுக்குள் பெரும் பாவம். அந்தப் பாவத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டு அதைவிடப் பெரியதை மறைத்தேன்.

அக்கா தேநீர் போட உள்ளே போனார். அஞ்சலை அம்மாள் கையில் வாங்கினார். மூக்கை மூன்று முறை தடவினார். திருப்பினார். பின்புறத்தை ஒருமுறை தடவினார். விரல் நின்றது. இன்னொரு முறை தடவினார். பிறகு ஒருமுறை, மிக மெதுவாக, விளிம்பிலிருந்து விளிம்புவரை.

"இதுதானே தம்பி?"

"இதுதாம்மா."

பார்வையற்ற அந்தக் கண்கள் நான் இருந்த திசையில் சிறிது நேரம் நிலைத்திருந்தன.

"சரி தம்பி. நீங்க சொன்னா சரி."

அதன்பின் அவர் அதைத் தடவவே இல்லை. கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டார். ஒன்பதாம் நாள் அதிகாலையில் போய்விட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலதி துக்கத்துக்குப் போனாள். எனக்குக் காய்ச்சலென்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மாளின் சேலையில் அந்தப் பொருள் குத்தியிருப்பதைப் பார்க்கும் துணிவு எனக்கில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், கண்கூசும் வெயில், பக்கத்து வீட்டில் வானொலி பாடிக்கொண்டிருக்கிறது, நான் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறேன், அப்போது மாலதியிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது: 'பெட்டிய உலைக்குள்ள அனுப்பிட்டாங்க.' அதைப் படித்து முடிப்பதற்குள் ஈரச்சேற்று வாடை அடித்தது. நம்பினால் நம்புங்கள், ஆற்றங்கரையில் மழைக்குப்பின் எழுமே, அழுகிய இலையும் சேறும் கலந்த வாடை, அது. குளியலறைக் குழாயைப் போய்ப் பார்த்தேன், சமையலறைத் தொட்டியைப் பார்த்தேன், எங்கும் ஒன்றுமில்லை. வாடை உள்ளறையிலிருந்து வந்தது. நான் அங்கே போய் நின்றதும் அது மெல்ல மாறிற்று. சேறு காய்வதுபோல, பிறகு விறகு சூடாவதுபோல, பிறகு கற்பூரம்.

பேழையின் ஏழாம் பிடியைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. மற்றப் பிடிகள் குளிர்ந்திருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், அந்த நிலையிலும் சோதிக்கிற புத்தி போகவில்லை. இழுப்பறையைத் திறந்தேன். புகையில்லை, தீயில்லை. பக்கத்துக் குழிகளிலிருந்த சின்னங்கள் அப்படியே இருந்தன. நடுவே மாரிமுத்துவின் புலி மட்டும் கரிந்து கறுத்துக் கிடந்தது. அதன் கீழிருந்த வெல்வெட் அதே வடிவத்தில் பழுப்பேறியிருந்தது. நான் எழுதிய 'அசல்' சீட்டு சுருண்டு கரியாகியிருந்தது. நான் வைத்த ஈயப்பற்று உருகிச் சொட்டி, வெல்வெட்டின்மேல் இரண்டு சிறு மணிகளாக உறைந்திருந்தது. ஈயப்பற்று உருக எவ்வளவு சூடு வேண்டுமென்று எனக்குத் தெரியும். அவ்வளவு சூட்டில் வெல்வெட் எப்படி மிஞ்சியது என்று எனக்குத் தெரியாது.

எடுத்துவிட வேண்டுமென்று கையை நீட்டினேன். கட்டைவிரல் அதன் மூக்கில் பட்டது. தோல் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது வலியில் நான் கத்தியிருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் வானொலியை நிறுத்திவிட்டு, "என்னா அண்ணே, விழுந்துட்டீங்களா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டார்.

மாலதி வந்து விரலைப் பார்த்தாள். "காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுல என்னா செஞ்சுகிட்டு இருந்தீங்க?" என்றாள். பற்றவைப்புக்கோல் சுட்டுவிட்டது என்றேன். அன்று சொன்ன பொய்களில் அது இரண்டாவது.

கருமாதி முடிந்து தேவகி அக்கா வேலைக்குத் திரும்பியபோது நேராக என் மேசைக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"பாருங்க தம்பி. சாம்பல் அள்ளப் போனோம்ல, அங்க வேலை செய்யறவரு எடுத்துக் குடுத்தாரு. அவரே பயந்துட்டாரு. ஒன்னுமே ஆகல, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். நகல்தான். நான் உப்புத்தாளால் தேய்த்த கோடுகள் அப்படியே இருந்தன. தீப்பட்டால் நொடியில் தீய்ந்துபோகிற மெருகுப்பூச்சு, கொடுத்த அன்று மின்னியதுபோலவே மின்னியது. ஓர் இரும்புக் கம்பியை நாக்கில் வைத்ததுபோல வாய் கசந்தது.

"அம்மாவோட போக மாட்டேன்னு எனக்காகத் திரும்பி வந்துட்டாரு தம்பி. வயித்துல இருக்கறப்பவே விட்டுட்டுப் போனவரு." அவர் அழுதார், அழுகைக்கு நடுவே சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா ஒன்னு மட்டும் உறுத்துது. அம்மா கேட்டது ஒன்னே ஒன்னுதானே. அவருக்கு நெருப்பு கெடைக்கலையே. அம்மா தனியாப் போயிட்டாங்களே."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். அக்கா, உங்கள் அப்பாவுக்கு நெருப்புக் கிடைத்துவிட்டது, நான் என் கண்ணால் பார்த்தேன், அம்மா தனியாகப் போகவில்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் கவலை அந்த நொடியிலேயே தீர்ந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால், அவர் முந்தானையில் முடிந்து வைத்திருப்பது அவருடைய அப்பா இல்லை, என் இழுப்பறையில் கிடந்த விலைபோகாத வார்ப்பு என்பதையும் சொல்ல வேண்டும். தாய்க்குரியதைத் தந்தால் மகளுக்குரியது போய்விடும். இரண்டையும் ஒருசேரப் பறித்து வைத்திருப்பவன் நான். அன்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன், நாளைகள் போயின.

விரல் ஆறிவிட்டது. மேல்தோல் வழுவழுப்பாக மூடிக்கொண்டது, ரேகையில்லை, உணர்ச்சியுமில்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. வங்கியில் அடையாள அட்டைக்குக் கட்டைவிரலை வைக்கச் சொன்னால் கருவி ஏற்பதில்லை. "அங்கிள், கைய நல்லா தொடச்சிட்டு வைங்க லா… இல்ல, வரல. வேற விரல் வைங்க" என்று முகப்பிலிருக்கும் பெண் ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். நான் சேகரிப்பதை விட்டுவிட்டேன். மற்றச் சின்னங்களை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டேன். கரிந்த புலியை மட்டும் கொடுக்கவில்லை. அதன் சீட்டில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் அஞ்சலை அம்மாளின் முதல் திதி. தேவகி அக்கா அழைத்திருந்தார். இம்முறை சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, கரிந்ததைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அஞ்சலை அம்மாளின் படத்துக்கு முன்னால் ஒரு சிறு தட்டில் நகல் வைக்கப்பட்டு, அதன்மேல் ஒரு மல்லிகைப்பூ இருந்தது. சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்தோம். எப்படித் தொடங்குவதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"எங்கம்மா மாதிரியே செய்றீங்களே."

குனிந்து பார்த்தேன். என் வலக்கட்டைவிரல் சுட்டுவிரலின் பக்கவாட்டில் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மூன்று முறை. பிறகு மணிக்கட்டு தானாகத் திரும்பியது. ஒருமுறை. எத்தனை நாளாக இப்படிச் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. பிறகு வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "வருஷம் ஆகப்போகுது, இப்பத்தான் உங்களுக்கே தெரியுதா?" என்றாள் மாலதி.

அக்கா தட்டிலிருந்த நகலை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "மூக்கத் தடவறது சரி. திருப்பி ஒன்னு தடவுமே, அது எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல தம்பி. நானும் பாத்துட்டேன், பின்னாடி ஒன்னுமே இல்ல, வழவழன்னு இருக்கு. நீங்கதான் இதெல்லாம் படிச்சவரு. அங்க என்னா இருந்துச்சு?"

சட்டைப்பையில் இருந்தது என் நெஞ்சில் அழுத்தியது. சொல்வதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு இனி வாய்க்காது. அவர் முகத்தைப் பார்த்தேன், கையிலிருந்த பொருளை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன்.

"தெரியலக்கா. சும்மா ஒரு பழக்கமா இருக்கும்."

அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். கண் தெரிகிற பெண்தான். ஆனால் அந்தப் பார்வை நான் ஏற்கெனவே அறிந்த பார்வை.

"சரி தம்பி" என்றார். "நீங்க சொன்னா சரி."

ஃபெரியில் திரும்பி வரும்போது சட்டைப்பைக்குள் கைவிட்டு அந்தத் துணியைப் பிரித்தேன். வெளியே எடுக்கவில்லை. கட்டைவிரல் அதன் வேலையைச் செய்தது; மூக்கில் மூன்று முறை, ஒன்றும் தெரியவில்லை, திருப்பிற்று. ஊசியால் குத்தினாலும் உணராத விரல் அது, மருத்துவரும் சோதித்துப் பார்த்திருக்கிறார். அந்த விரலுக்கு நாற்பத்தொன்று மட்டும், கீறலுக்குக் கீறல், தெளிவாகத் தட்டுப்படுகிறது.